மாஸ்க் தளர்ந்தால் பிளானை மாற்ற வேண்டுமா?

மூன்றாவது வாரம் முடிகிற தறுவாயில், தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் பிடிக்க, அதாவது கதிர்ச்சிகிச்சைக்கு வருகிறவர்களின் வீட்டுக்காரர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் என்னிடம் கொண்டுவருகிறார்கள். முகம் வற்றிவிட்டது, தலையை அசையாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் மாஸ்க் ஆடுகிறது, அப்படியிருக்க முதல் நாள் போட்ட கணக்கிலேயே இன்னமும் கதிர் கொடுப்பது சரியா என்று கேட்கிறார்கள். நான் மட்டக்களப்பில் ஒரு கதிர்ச்சிகிச்சைப் பிரிவில் ரேடியோகிராபராக இருக்கிறேன். கதிர் எங்கே, எவ்வளவு விழ வேண்டும் என்ற அந்தக் கணக்கைத்தான் பிளான் என்கிறோம். பிளானை மாற்றுவதா இல்லையா என்று தீர்மானிப்பவர் புற்றுநோய் விசேட வைத்திய நிபுணர். கணக்கைப் போடுகிறவர் மருத்துவப் பௌதிகவியலாளர். ஆனாலும் நோயாளியை ஒவ்வொரு நாளும் படுக்கவைத்து அந்த மாஸ்க்கை மேசையோடு பூட்டுகிறவள் நான் என்பதால், தளர்வை முதலில் காண்பதும் கேள்வி முதலில் வந்து சேர்வதும் என்னிடந்தான். படுவான்கரையில் இருந்து வந்த ஒரு தாய், "மகள், கன்னத்துக்குள்ள ரெண்டு விரல் போகுது மகள், இதக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கணவரின் முகத்தைத் தொட்டுக் காட்டும்போது, டொக்டர் பார்ப்பார் அம்மா என்று சொல்லி அனுப்புவது எனக்கு ஒருநாளும் போதுமான பதிலாகப் பட்டதில்லை. அந்தத் தாய் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதே நேரம் அவர் கேட்பதை உடனே செய்துவிடுவது அவருடைய கணவருக்குக் கெடுதலாகவும் முடியலாம். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் எடுத்த முகம்

மாஸ்க்குக்கான பிளாஸ்டிக் தட்டை ஏறத்தாழ 70 பாகை வெந்நீரில் போட்டு இளக்கி, முகத்தில் இருந்து தோள்மூட்டு வரை இழுத்துப் பதித்து, ஆறி இறுகும் வரை பிடித்துக்கொள்கிறோம். அதைப் போட்டபடியே சீ.ரி. ஸ்கான் எடுக்கப்படுகிறது. அந்த ஸ்கானின் ஒவ்வொரு துண்டிலும் வைத்திய நிபுணர் கட்டியையும் கழுத்தின் நிணநீர்க் கணுக்களையும் வரைகிறார். தப்பவைக்க வேண்டிய, முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணையும், காதுக்கு முன்னால் கன்னத்தில் இருக்கும் பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் வரைகிறார். அறுவைச் சிகிச்சை இல்லாமல் கதிரால் மட்டுமே குணப்படுத்த முயலும்போது வழக்கமான அளவு 70 கிரே (கிரே என்பது கதிரின் அளவைச் சொல்லும் அலகு). அதை 35 தடவையாகப் பிரித்து, வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஏழு வாரம் கொடுக்கிறோம். பல நோயாளிகளுக்கு இதனோடு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் ஏறுகிறது. முண்ணாணுக்கு 45 கிரேக்கு மேல் போகக் கூடாது. பரோட்டிட்டின் சராசரி அளவு 26 கிரேக்குள் நின்றால் உமிழ்நீர் பின்னர் ஓரளவு திரும்பும் என்ற நம்பிக்கையில் கணக்குப் போடப்படுகிறது. கட்டியைச் சுற்றி நாங்கள் விடும் இடைவெளி 3 முதல் 5 மில்லிமீற்றர் மட்டுமே. அந்த எல்லைக்கு வெளியே கதிரின் அளவு மிக வேகமாக இறங்கிவிடும்படி பிளான் அமைக்கப்படுவதால், சில மில்லிமீற்றர் தூரத்துக்குள்ளேயே சுரப்பி பிழைப்பதும் அழிவதும் தீர்மானமாகிறது.

ஏழு வாரமும் அந்த முதல் நாள் முகத்துக்காகத்தான் மெஷின் கதிரைக் கொடுக்கிறது. உடம்போ அப்படியே நிற்பதில்லை. அமெரிக்காவின் எம்.டி. அண்டர்சன் புற்றுநோய் மையத்தில் 14 நோயாளிகளை வாரத்துக்கு மூன்று தடவை ஸ்கான் செய்து பார்த்து 2004 இல் வெளியிட்ட ஆய்வு இந்த மாற்றத்துக்கு முதன்முதலில் தெளிவான எண்களைக் கொடுத்தது. கண்ணுக்குத் தெரியும் கட்டி, சிகிச்சை நடக்கும் ஒவ்வொரு நாளும் தன் தொடக்க அளவில் ஏறத்தாழ 1.8 வீதத்தை இழந்துகொண்டு போயிருக்கிறது. பரோட்டிட் சுரப்பிகளும் சுருங்கி, சிகிச்சை முடியும்போது நடுக்கோட்டை நோக்கி ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் உள்ளே நகர்ந்திருந்தன; நிறை குறைந்தவர்களில் அந்த நகர்வும் கூடுதலாக இருந்தது. உள்ளே நகர்வது என்றால் கதிர் அதிகமாக விழும் பகுதியை நோக்கி நகர்வது. கழுத்தின் சதை வற்றும்போது கதிரைத் தடுக்க இருந்த தடிப்பும் குறைகிறது, ஆகவே அதற்குப் பின்னால் இருக்கும் உறுப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போய்ச் சேர்கிறது.

எங்கள் அறையில் இது இன்னொரு விதமாகத் தெரியும். முதல் இரண்டு வாரங்களில் மாஸ்க்கைக் கழற்றியதும் நெற்றி, மூக்குத் தண்டு, இரண்டு கன்னம், நாடி எல்லா இடத்திலும் அந்த வலையின் ஓட்டைகள் தோலில் அச்சாகப் பதிந்திருக்கும். பிறகு ஒரு நாள் கன்னத்து அச்சு மங்கும். சில நாட்களில் அது இல்லாமலே போய், நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் மிஞ்சும். கன்னத்து அச்சு மறைந்ததைக் கண்டால் நான் சிகிச்சைத் தாளில் ஒரு குறிப்பு எழுதி வைப்பேன். மண்டையோடு அசையாமல் இருக்கிறது, சதை மட்டுந்தான் விட்டுப் போகிறது என்று அந்த அச்சு எனக்குச் சொல்கிறது. நாடியின் அச்சும் சேர்ந்து மறைந்தால் கதை வேறு. நாடி மேலும் கீழும் அசைய இடம் கிடைத்துவிட்டது என்று பொருள். நாடி அசைந்தால் கழுத்தெலும்பின் வளைவும் மாறும்.

வெல்லாவெளிக்காரரின் விடயம்

நாவின் அடிப்பகுதியில் புற்றுநோயும் கழுத்தில் கணுவுமாக வந்த ஒரு விவசாயி அவர், வெல்லாவெளிப் பக்கம். ஐம்பது வயதைத் தாண்டியவர். வீட்டில் வெற்றிலை வட்டா இல்லாமல் பேச்சுத் தொடங்குவதில்லை என்று அவருடைய மனைவி சொன்னார். எங்கள் மாவட்டத்தில் இதைச் சொல்லாத குடும்பம் குறைவு. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 இல் வெளியிட்ட தொகுதியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. இருந்தும் பாக்கில் ஒன்றும் இல்லை, புகையிலையில்தான் எல்லாம் என்று இன்றைக்கும் இங்கே நம்புகிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அவர் 64 கிலோவில் தொடங்கினார். நாலாவது வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சியும் இறங்காமல் 57 கிலோவுக்கு வந்துவிட்டார். பத்து வீதத்துக்கு மேல் நிறை இறங்கினால் பிளானை மறுபடி பார்க்க வேண்டும் என்பது பல நிலையங்களில் கைக்கொள்ளும் எல்லை. கல்முனையில் வேலைசெய்யும் அவருடைய மகன் தொலைபேசியில் நிறைய வாசித்துவிட்டு வந்திருந்தார். வெளிநாடுகளில் கிழமைக்குக் கிழமை பிளான் மாற்றுகிறார்கள், இங்கே மட்டும் ஏன் பழைய பிளானிலேயே ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தகப்பனுக்கு இரண்டாந்தரமான எதுவும் நடந்துவிடக் கூடாது என்ற பயம் அவருடைய குரலில் இருந்தது. மனத்துக்குள் நானும் அன்றைக்கு அவர் பக்கமே இருந்தேன்.

வைத்திய நிபுணரும் பௌதிகவியலாளரும் வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மெஷினிலேயே படுக்கவைத்து எடுத்த அன்றைய கோன் பீம் ஸ்கானை முதல் நாள் ஸ்கானின் மேல் ஏற்றினோம். எலும்போடு எலும்பைப் பொருத்தியதும் கழுத்தெலும்புகள் மேலிருந்து கீழ் வரை ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. விலகல் இடைவெளிக்குள்தான் இருந்தது. தோலின் கோடு மட்டும் இரண்டு பக்கமும் உள்ளே போயிருந்தது. பௌதிகவியலாளர் புதிய தோல் எல்லையோடு பழைய பிளானை மறுபடி கணக்கிட்டார். முண்ணாணின் அளவு சற்று ஏறியது, ஆனால் 45 கிரேக்கு நல்ல தூரத்தில் நின்றது. ஒரு பக்கத்துப் பரோட்டிட்டின் சராசரி ஏறியது. கட்டி இருந்த இடத்துக்குப் போக வேண்டிய அளவு குறையவே இல்லை.

அதற்குப் பிறகு வைத்திய நிபுணர் கேட்ட கேள்வியைத்தான் நான் இன்று வரை மனதில் வைத்திருக்கிறேன். இன்றைக்கு மாற்றத் தொடங்கினால் புதிய பிளான் எத்தனையாவது நாளில் மெஷினுக்கு வரும் என்று அவர் பௌதிகவியலாளரிடம் கேட்டார். 35 இல் 22 ஆவது நாள் அது. புதிய மாஸ்க், புதிய ஸ்கான், மறுபடி எல்லாத் துண்டிலும் வரைவது, கணக்கு, அந்தக் கணக்கை மெஷினில் அளந்து சரிபார்ப்பது எல்லாம் சேர்த்து, மற்ற நோயாளிகளின் வேலையைத் தள்ளிவைக்காமல் செய்தால் ஒரு கிழமை ஆகும் என்று பதில் வந்தது. அப்படியானால் 27 அல்லது 28 ஆம் நாளில்தான் புதிய பிளான் தொடங்கும், மிஞ்சுவது எட்டு ஒன்பது நாள். பரோட்டிட்டுக்கு மொத்தத்தில் மிச்சமாவது ஒரு கிரேயும் இல்லை. அந்தச் சிறு மிச்சத்துக்காக, நடக்கவே களைத்துப் போகிற மனிதனை மறுபடி வெந்நீர் மாஸ்க்குக்கும் ஸ்கானுக்கும் படுக்கவைக்க வேண்டும். புதிய பிளான் பிந்தினால் இடையில் ஒரு நாள் வெறுமையாகப் போகும் ஆபத்தும் உண்டு.

பிளானை மாற்றுவதில்லை என்று தீர்மானமாயிற்று. அன்றைக்கே மூக்கு வழியாக உணவுக் குழாய் போட்டார்கள். வைத்திய நிபுணர் மகனை உட்காரவைத்து, "தம்பி, அப்பாட முகம் மெலிஞ்சது உண்மை. ஆனா கதிர் போக வேண்டிய இடத்துக்குத்தான் போகுது, அத இப்ப எல்லாருமாப் பாத்திட்டம். இனி மெலியாமப் பாக்கிறதுதான் நம்மட வேலை. திங்கக்கிழமை திரும்பவும் பாப்பம், எலும்பு விலகினா நானே மாத்துவன்" என்று விளக்கினார். மகன் திரையைக் காட்டச் சொல்லிக் கேட்டார்; காட்டினோம். இரண்டு ஸ்கானையும் மாறி மாறி நெடுநேரம் பார்த்துவிட்டு, குழாயில் என்ன கொடுக்கலாம் என்று தாதியிடம் கேட்கப் போனார்.

யாரும் கேட்காத ஒருவர்

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு வந்தவர் வாழைச்சேனைப் பக்கத்து மீனவர். மூக்குக்குப் பின்னால் மேல்தொண்டையில் நோய், கழுத்தின் இரண்டு பக்கமும் பெரிய கணுக்கள். நல்ல உடம்புக்காரர். நிறை இரண்டு கிலோ கூடக் குறையவில்லை, கன்னம் அப்படியே இருந்தது, வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கணுக்கள் கதிருக்கும் மருந்துக்கும் மிக விரைவாகக் கரைந்தன. இரண்டாவது வாரம் முடிவதற்குள் கழுத்துப் பக்கத்தில் மாஸ்க்குக்கும் தோலுக்கும் நடுவே வெளி விழுந்துவிட்டது. கன்னத்து அச்சு இருந்தது, நாடியின் அச்சுத்தான் மறைந்தது. கோன் பீம் ஸ்கானில் தலையைப் பொருத்தினால் கீழ்க் கழுத்தெலும்பு விலகியது, கீழ்க் கழுத்தைப் பொருத்தினால் தலை விலகியது. இந்த நோயில் கதிர் மண்டையோட்டின் அடி வரை போக வேண்டியிருப்பதால் மூளைத்தண்டும் முண்ணாணும் தொடக்கப் பிளானிலேயே எல்லைக்கு மிக அருகில்தான் நிற்கும். மறுகணக்கில் முண்ணாணின் அளவு எல்லையைத் தொட்டது. அவருக்கு அன்றைக்கே புதிய மாஸ்க் செய்தார்கள். நாலாவது வாரம் புதிய பிளானில் தொடங்கியது. 35 இல் பாதிக்கு மேல் அவருக்கு இன்னும் மிச்சம் இருந்தது.

இந்த இரண்டு பேரையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு எனக்கு ஒரு தெளிவு வந்தது. வெளியே தெரிகிற மெலிவு, பார்க்கச் சொல்கிறது, மாற்றச் சொல்வதில்லை. மாற்றுவதற்குக் காரணம் உள்ளே இருக்க வேண்டும்: எலும்பு இடைவெளியைத் தாண்டி விலகியிருக்க வேண்டும், அல்லது தப்பவைக்க வேண்டிய உறுப்பு எல்லை கடந்திருக்க வேண்டும், அல்லது கட்டிக்குப் போக வேண்டிய கதிர் குறைந்திருக்க வேண்டும். அதற்கும் மேலாக, மாற்றத்தின் பயன் அனுபவிக்கப்பட நாட்கள் மிச்சம் இருக்க வேண்டும். ஆறாவது வாரத்தில் எடுக்கும் நல்ல தீர்மானத்தை விட மூன்றாவது வாரத்தில் எடுக்கும் சுமாரான தீர்மானம் நோயாளிக்குக் கூடுதலாக உதவும் என்று நான் நம்புகிறேன்.

கிழமைக்குக் கிழமை எல்லோருக்கும் மாற்றினால் என்ன என்ற மகனின் கேள்விக்குப் பின்னர் ஒரு பதில் கிடைத்தது. ஆர்ட்டிக்ஸ் என்ற பிரெஞ்சு ஆய்வு, வாய்க்குப் பின்னால் இருக்கும் நடுத்தொண்டையில் முற்றிய புற்றுநோய் கொண்ட 132 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஒவ்வொரு வாரமும் புதிய பிளானும் மற்றவர்களுக்கு ஒரே பிளானும் கொடுத்து ஒப்பிட்டது. 2023 இல் வெளியான முடிவின்படி, ஓராண்டின் பின் உமிழ்நீர் சுரப்பதில் இரண்டு பகுதியினருக்கும் கருதத்தக்க வேறுபாடு இல்லை. இதை வைத்துப் பிளான் மாற்றுவதே வீண் என்று சொல்வது பிழை. எல்லோருக்கும் மாற்றுவது வீண் என்பதைத்தான் அது காட்டியிருக்கிறது. மாற்றம் தேவையான சிலரைக் கண்டுபிடிப்பது எங்கள் பொறுப்பாகவே இருக்கிறது.

இன்னொரு விருப்பத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அன்பில் இருந்து வருவது. கழுத்துக் கட்டி கையில் தட்டுப்படாமல் போனதும், இனிக் கதிர் விழும் இடத்தைச் சுருக்கலாமே, மற்றச் சதையாவது தப்புமே என்று கேட்கிறார்கள். கட்டி சுருங்கினாலும் அது பரவி நின்ற இடத்தில் கண்ணுக்கும் ஸ்கானுக்கும் தெரியாத நோய்க்கலங்கள் இருக்கக்கூடும். அதனால்தான் மறுபிளான் போடும்போதும் வைத்திய நிபுணர் தொடக்கத்தில் கட்டி தொட்டுநின்ற சதை முழுவதையும் உள்ளேயே வைத்து வரைகிறார். தோல் உள்ளே வந்ததால் வெறும் காற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைத்தான் வெட்டிவிடுகிறார்.

நாட்களும் சாப்பாடும்

வெறுமையாகப் போகும் ஒரு நாளுக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறோம் என்று புதிதாகச் சேர்ந்த தாதி ஒருவர் கேட்டார். தலை, கழுத்துப் புற்றுநோய்க் கலங்கள் சிகிச்சை தொடங்கி ஏறத்தாழ நாலு வாரத்தின் பின் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அந்தக் காலத்தில் நீளும் ஒவ்வொரு நாளையும் ஈடுகட்ட ஏறத்தாழ 0.6 கிரே மேலதிகமாகத் தேவைப்படும் என்று விதர்ஸும் அவருடைய சகாக்களும் 1988 இல் கணித்தார்கள். சிகிச்சை ஒரு நாள் நீண்டால் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஒரு வீதத்துக்குச் சற்று மேல் குறைகிறது என்பது அதன்பின் பல ஆய்வுகளில் வந்த மதிப்பீடு. 2022 இல் எரிபொருள் வரிசையில் நாடே நின்றபோது, பொத்துவிலில் இருந்தும் படுவான்கரை உட்கிராமங்களில் இருந்தும் வர வேண்டியவர்களை நினைத்து இந்தக் கணக்குத்தான் எங்களுக்கு நெஞ்சில் இடித்தது. ஆகவே புதிய பிளான் ஆயத்தமாகும் வரை பழைய பிளானிலேயே சிகிச்சை நடக்க வேண்டும். பிளான் மாறப்போகிறது என்பதற்காக வீட்டில் நிற்கக் கூடாது. சிலர் அப்படி நின்றிருக்கிறார்கள், நல்ல பிளான் வரட்டும் என்று காத்திருந்து.

மெலிவைத் தடுப்பது பிளான் மாற்றுவதை விட மலிவு, அதன் பெரும்பகுதி வீட்டின் கையில் இருக்கிறது. மூக்குக் குழாய் போட்டால் முடிவு நெருங்கிவிட்டது என்ற அச்சம் இங்கே ஆழமாக இருக்கிறது. ஏழு வாரத்தைக் கடப்பதற்கான உதவி அது, விழுங்க முடிந்ததும் கழற்றிவிடுவோம் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உறைப்பில்லாத பால்சொதியில் குழைத்த சோறு, முட்டை கலந்த கஞ்சி, முள்ளெடுத்து மசித்த மீன் என்று முதல் வாரத்திலேயே பழக்கிய வீட்டுக்காரரின் ஆட்கள் குறைவாகவே மெலிகிறார்கள். குழாய் போட்ட பிறகும் ஒரு வாய் தண்ணீராவது விழுங்கிக்கொண்டே இருக்கச் சொல்கிறோம், இல்லாவிட்டால் விழுங்கும் தசை பழக்கத்தை மறந்துவிடும். நோன்பு மாதத்தில் சிகிச்சை வந்தால், நோயாளிக்கு மார்க்கத்தில் விலக்கு உண்டு என்பதைப் பள்ளிவாசல் மௌலவி வாயால் கேட்ட பிறகுதான் சில வாப்பாமார் மனம் ஆறிச் சாப்பிடுகிறார்கள். குடும்பத்தவரை அவரிடம் போய்க் கேட்டுவரச் சொல்வதில் நான் தயங்குவதில்லை.

எங்கள் பிரிவுக்குள் இன்னும் தீராத ஒரு வாதம் இருக்கிறது. யாருக்கு மாற்றம் தேவைப்படலாம் என்பதைத் தொடக்கத்திலேயே ஓரளவு ஊகிக்கலாம்: கழுத்தில் பெரிய கணுவோடு வருகிறவர், மேல்தொண்டையில் நோய் உள்ளவர், முதல் பிளானிலேயே முண்ணாண் எல்லைக்கு நெருங்கி நிற்பவர், மருந்தும் சேர்ந்து ஏறுகிறவர். குரல்நாணில் மட்டும் ஆரம்ப நிலையில் நோய் உள்ளவருக்குச் சிறு பரப்பில் 63 கிரேயை 28 நாளில் கொடுத்து முடிக்கும்போது இது அநேகமாகத் தேவைப்படுவதே இல்லை. ஆகவே முதல் வகையினருக்கு, சிகிச்சை தொடங்கும் அன்றைக்கே மூன்றாம் வாரத்தில் ஒரு சீ.ரி. ஸ்கான் நேரத்தைப் பதிந்துவைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அன்றைக்கு மாற்றம் தேவையில்லை என்று தெரிந்தால் அந்த நேரத்தை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடலாம். பௌதிகவியலாளர் இதற்கு உடன்படவில்லை. வாரம் ஒரு முறை கோன் பீம் ஸ்கானைப் பொருத்திப் பார்த்தால் போதும், வெறுமையாகப் போகக்கூடிய நேரத்தைப் பதிந்துவைத்தால் புதிதாக வந்து காத்திருக்கும் ஒருவரின் தொடக்கம் தள்ளிப்போகும் என்கிறார். அவர் சொல்லும் அந்தப் புதியவரையும் நான் அறிவேன். கையில் கோப்போடு வெளியே வாங்கில் இருக்கிறார். இருந்தாலும் 22 ஆம் நாளில் வந்த கேள்வி 12 ஆம் நாளில் வந்திருந்தால் வெல்லாவெளிக்காரரின் பரோட்டிட்டுக்குக் கிடைத்திருக்கக்கூடிய மிச்சத்தைப் பௌதிகவியலாளரே எனக்குக் கணக்கிட்டுக் காட்டினார், அது சிறிதல்ல. அடுத்த பிரிவுக் கூட்டத்துக்கு அந்தத் தாளைக் கொண்டுபோகிறேன். மாதத்துக்கு இரண்டு நேரம் ஒதுக்கித் தந்து, ஒரு வருடம் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள் என்று கேட்கப்போகிறேன்.